நாங்கள் பார்க்காத வெயிலா?

டிசம்பர் பிறந்துவிட்டால் மேற்கு சிட்னியில் நம் சபைக் குடும்பங்களுக்கு இரண்டு வேலைகள் சேர்ந்தே வரும். ஒன்று கேரல் ரவுண்ட்ஸ். மற்றொன்று கொல்லைப்புறத்துப் பந்தல். செப்டம்பர், அக்டோபரில் ஊன்றிய விதைகள் இப்போதுதான் கொடியோடி நிற்கும். பாகல் பூத்திருக்கும், தக்காளி முதல் கொத்தைப் பிடித்திருக்கும், கத்தரியில் ஊதாப் பூ தலைகாட்டும். அந்த நேரம் பார்த்து வெயிலும் வந்துவிடும். ஊரில் கிறிஸ்மஸ் என்றால் மார்கழிப் பனி. இங்கே கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடுகிற தம்பிக்கு இரண்டாவது வீட்டிலேயே வியர்த்து ஊற்றிவிடுகிறது.

நம் பக்கத்து வெயிலுக்குக் காரணம் உண்டு. கடற்காற்று கரையோரத்து வீடுகளைக் குளிர்வித்துவிட்டு, டூங்காபி, பிளாக்டவுன் வந்து சேருவதற்குள் களைத்துவிடும். உள்நாட்டிலிருந்து வடமேற்குக் காற்று அடிக்கிற நாளில் அது வருவதே இல்லை. கடற்கரையில் 30 டிகிரி என்றால் நம் பக்கம் 40 என்பது பழகிப்போன கணக்கு. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அந்தச் சனிக்கிழமையை மறக்காதவர்கள் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே பகலில் பந்தல் முழுவதும் அப்பளமாய்ப் பொரிந்துபோன வீடுகள் உண்டு.

தோட்டத்தைப் பற்றி எழுத எங்களைவிடத் தேர்ந்தவர்கள் சபையில் இருபது பேராவது இருப்பார்கள். மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிற நாங்கள் இதை எழுதக் காரணம், கோடையில் செடிக்கு முன்பே வாடிவிடுகிறவர்கள் அந்தச் செடியை வளர்க்கிறவர்கள் என்பதுதான். நம் வீடுகளில் அவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், பகல் முழுவதும் அவர்களுக்குப் பேச்சுத்துணை அந்தக் கத்தரிச் செடிகள்தான். அந்தத் தோட்டமும் பிழைக்கவேண்டும், அவர்களும் பிழைக்கவேண்டும். இரண்டுக்கும் வழி ஒன்றே. வேலையை வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுவது.

மண்ணுக்குப் போர்வை

முதல் வேலை மண்ணை மூடுவது. ஊரில் மூடாக்கு என்பார்கள், இங்கே எல்லாரும் மல்ச் என்கிறோம். நம் பகுதி மண் பெரும்பாலும் களிமண். மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அடிமண் ஈரமும் ஆவியாகிப் போய்விடும். பன்னிங்ஸில் கட்டுக்கட்டாக விற்கிற கரும்புச் சோகையையோ வைக்கோலையோ வாங்கி, நன்றாகத் தண்ணீர் விட்ட பாத்தியின்மேல் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பவேண்டும். காய்ந்த மண்ணின்மேல் பரப்பினால் பிறகு விடுகிற தண்ணீரைச் சோகையே குடித்துவிடும், வேருக்குப் போகாது. தண்டை ஒட்டிக் குவிக்கவும் கூடாது, தண்டு அழுகும். நான்கு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள். வாங்க வேண்டாம் என்றால் புல் வெட்டின குப்பையைக் காயவைத்து மெல்லியதாகப் போடலாம். பச்சையாகக் குவித்தால் சூடேறி நாற்றமடிக்கும்.

காய்ந்த மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில நேரம் தண்ணீர் ஊற்றினால் அது மண்ணுக்குள் இறங்காமல், எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததுபோல் முத்துமுத்தாக உருண்டு ஓடிவிடும். மேலே நனைந்ததுபோல் தெரியும். விரலால் கிண்டிப் பார்த்தால் கீழே பொடியாக இருக்கும். தொட்டிகளில் இது சர்வசாதாரணம். தொட்டியைத் தூக்கி ஒரு பெரிய வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்தால் சரியாகும். பாத்தியில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு மூன்று தரம் ஊற்றவேண்டும்.

தண்ணீர் விடுவதில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே, எல்லாச் செடிக்கும் அரை நிமிடம் தெளிப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஈரம் இரண்டு விரற்கடைக்குமேல் இறங்காது. வேரும் மேலேயே நின்றுவிடும், மறுநாள் வெயிலில் முதலில் வேகிறது அந்த மேல்மண்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வேர் வரைக்கும் இறங்கும்படி நிதானமாக விட்டால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். 40 டிகிரி வரும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் முந்தின நாள் சாயங்காலமே ஒருமுறை ஆழமாக விட்டுவிடுங்கள். அன்று காலையும் விடலாம். சிட்னி வாட்டரின் வழிகாட்டுதலும் இதற்கு ஒத்ததே: ஹோஸில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும்தான்.

வெயிலில் கிடந்த ஹோஸைத் திறந்தவுடன் வருவது கொதிநீர். செடியும் வெந்துபோகும், கிட்டே நிற்கிற சின்னப் பிள்ளையின் தோலும் வெந்துபோகும். முதலில் வருவதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

மத்தியானம் வாடினால் பயப்படாதீர்கள்

பூசணி, சுரை, புடல் இவற்றின் பெரிய இலைகள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொங்கிப்போய் நிற்கும். பார்த்தவுடன் மனம் பதைக்கும், உடனே ஹோஸைத் தேடுவோம். மண் ஈரமாக இருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். இலை வழியாகப் போகிற தண்ணீருக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல், செடி தன் இலையைத் தானே மடக்கிக்கொள்கிறது. சூரியன் சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் அது நோய், அல்லது தாகம். வார்டில் காலை ரவுண்ட்ஸ் போவதுபோலத் தோட்டத்தையும் காலையில் பார்க்கவேண்டும் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

தக்காளிதான் கோடையில் நிறையப் பேருக்கு மனவருத்தம் கொடுக்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுகிறார்கள். வேண்டாம், காற்று குளிர்ந்தால் தானாகவே காய் பிடிக்கும். நிறமும் அப்படித்தான். கடும் வெயிலில் தக்காளிக்குச் சிவப்பு ஏறாது, மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். லேசாக நிறம் மாறினவுடன் பறித்து, சமையலறையில் நிழலான இடத்தில் வைத்தால் வீட்டுக்குள் அழகாகப் பழுக்கும். கொடியிலேயே விட்டால் மேல்தோல் வெள்ளையாக வெந்துபோகும், இல்லையென்றால் பழ ஈ முட்டையிட்டுவிடும். குவீன்ஸ்லாந்து பழ ஈக்குத் தக்காளியும் மிளகாயும் மிகவும் பிடிக்கும். சன்னக் கண்ணுள்ள வலையால் மூடுவது ஒன்றே நம்பகமான வழி. விழுந்த காயை அப்படியே மண்ணில் விடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி என்று மருந்தடிக்கிறவர்கள் உண்டு. பூச்சி இல்லை. ஒருநாள் வெள்ளம், நான்கு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால், மண்ணில் கால்சியம் இருந்தும் அது காயின் நுனிவரைக்கும் போய்ச் சேராது. நிதானமாக, ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

"பூவெல்லாம் பூக்குது, ஒரு பிஞ்சு இல்லை" என்று பந்தலைப் பார்த்துப் புலம்புகிற ஆச்சிமாருக்கு ஒரு வார்த்தை. பூசணி வகைச் செடிகள் நீண்ட பகலிலும் வெயிலிலும் ஆண் பூவைத்தான் அதிகம் விடும். பின்னால் சின்னப் பிஞ்சோடு வருவது பெண் பூ. அது வருகிறவரை பொறுக்கவேண்டும். வந்தபின் தேனீ இல்லையென்றால் ஆண் பூவைப் பறித்து நாமே தொட்டுவிடலாம். பூசணிக்கும் பாகலுக்கும் விடியற்காலை, சுரைக்கும் பீர்க்குக்கும் சாயங்காலம். சுரையின் வெள்ளைப் பூ இருட்டும் நேரத்தில்தான் விரிகிறது.

வெயிலை விரும்புகிறவையும் இருக்கின்றன. வெண்டை (யாழ்ப்பாணத்தார் வெண்டி என்பார்கள், சபையில் இதற்கே ஒரு சண்டை நடந்தது), தண்டுக்கீரை, கொடிப்பசளை, பயற்றங்காய், மிளகாய், முருங்கை. இவையெல்லாம் நம்மைப்போலவே வெயில் தேசத்திலிருந்து வந்தவை. கொத்தமல்லியைக் கோடையில் விதைத்து மனம் நோகவேண்டாம். நான்கு இலை விட்டதும் பூத்துவிடும். அதற்கு ஏப்ரல் வரை பொறுங்கள்.

நிழல்துணி கட்டுகிறவர்கள் முப்பது முதல் ஐம்பது சதவீதம் நிழல் தருவதை வாங்கினால் போதும். மேற்குப் பக்கம் கட்டுவதுதான் முக்கியம், மத்தியான வெயிலே செடியைக் கொல்கிறது. துணி இலையின்மேல் படாமல் ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். கடைத்துணிதான் வேண்டும் என்பதில்லை. பழைய வெள்ளை வேட்டியும் நூல் சேலையும் நான்கு கழியில் கட்டினால் அதே வேலையைச் செய்யும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளைக் கான்கிரீட் தரையிலிருந்து எடுத்து வீட்டின் கிழக்குப் பக்கத்தில் நெருக்கமாக வையுங்கள். வேர் தொட்டியின் சுவரில்தான் படர்ந்திருக்கும், அந்தச் சுவர் சுட்டால் வேர் செத்துப்போகும். பந்தல் கழிகளையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுங்கள். கொடும் வெயிலடித்த நாளின் சாயங்காலம் சதர்லி காற்று வருகிற வேகத்தில், வெயிலுக்குத் தப்பின கொடியும் சாய்ந்துவிடும்.

செடி வளர்க்கிறவர்

இனி எங்கள் வேலைக்கு வருகிறோம்.

வெயிலில் நிற்காதீர்கள் என்று பெரியவர்களிடம் சொன்னால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "நாங்கள் பார்க்காத வெயிலா?" தூத்துக்குடிக்காரரும் சொல்வார், மானிப்பாய்க்காரரும் சொல்வார். உண்மைதான், பார்த்திருக்கிறார்கள். ஆனால் எப்படிப் பார்த்தார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். விடியுமுன் தோட்டத்துக்கு இறைக்கப் போனது, பத்து பதினொரு மணிக்குள் கரையேறியது, நீராகாரமோ மோரோ குடித்துவிட்டுத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ சாய்ந்தது, வெயில் தாழ்ந்தபின் மறுபடி மண்வெட்டியை எடுத்தது. மத்தியானம் ஒரு மணிக்கு வெறுந்தலையோடு வயலில் நின்றவரை ஊரே திட்டியிருக்கும். இங்கே வந்தபின் பதினொரு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்குகிறார்கள். காலை நேரம் பேரப்பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவதிலும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதிலும் போய்விடுகிறது. வெயிலைப் பார்த்தவர்கள்தான், ஆனால் வெயிலுக்குரிய நேரம் கைவிட்டுப் போய்விட்டது.

உடம்பும் அதே உடம்பு இல்லை. வயது ஏறும்போது தாகம் மழுங்குகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் நாக்கு சொல்லாது. வியர்வையும் முன்போல் வராது. இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளில் சில, நீரை வெளியேற்றும் அல்லது வெயிலில் இருதயம் ஈடுகொடுப்பதைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை வருமுன் ஜீபியிடம் ஒருமுறை கேளுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு அளவு உண்டு. வடமேற்குக் காற்று வறண்ட காற்று. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துபோவதால், வியர்த்ததே தெரியாது. சட்டை நனையவில்லை, ஆகவே பரவாயில்லை என்று நினைப்பது தப்புக் கணக்கு.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று. ஊர்ப் பழக்கத்தில் வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறார்கள். 40 டிகிரி நாளில் கான்கிரீட் தரை அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்தபின்தான் தெரியும், அது புண்ணானால் ஆற மாதங்கள் ஆகும். வாசலில் ஒரு செருப்பு எப்போதும் கிடக்கட்டும்.

வெப்ப அலையைப் பற்றி இந்த நாட்டில் நாம் போதுமான அளவு பயப்படுவதில்லை. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் நடந்த காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். அது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தின வாரம் அதே மாநிலத்தில் வீசிய வெப்ப அலையில், வழக்கத்தைவிட 374 மரணங்கள் கூடுதலாக நேர்ந்தன என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் அதிகம் பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அதற்கு நினைவுநாள் இல்லை. தீ கண்ணுக்குத் தெரிகிறது, வெப்பம் தெரிவதில்லை.

வேதாகமத்திலும் ஒரு பிள்ளை இருக்கிறான். 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில், சூனேம் ஊர் ஸ்திரீயின் மகன். அறுவடை நேரத்தில் தகப்பனைப் பார்க்க வயலுக்குப் போனவன், தலையைப் பிடித்துக்கொள்கிறான். தாயின் மடியில் மத்தியானம் வரை இருந்து இறந்துபோகிறான். நோயின் பெயரை வேதம் சொல்லவில்லை. வயல், அறுவடை, தலைவலி, மத்தியானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வெயில் தாக்கியிருக்கும் என்று எண்ணுகிறவர்கள் பலர். எங்களுக்கும் அப்படியே தோன்றுகிறது. எலிசா வந்து அந்தப் பிள்ளையை எழுப்பினார். எமர்ஜென்சியில் நாங்கள் பார்க்கிற எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை.

மருத்துவமனையில் பார்த்தவர்களைப் பற்றி எழுத எங்களுக்கு அனுமதி இல்லை, எழுதவும் மாட்டோம். சபையில் பலருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும், சம்பந்தப்பட்ட ஐயாவின் சம்மதத்தோடு, பெயர் போடாமல் சொல்கிறோம். வயது எழுபத்துநான்கு. போன வருஷம் ஜனவரியில், 42 டிகிரி நாளில், பகல் இரண்டு மணிக்குப் பாகல் பந்தலுக்கு நிழல்துணி கட்ட ஏறினார். பத்தாம் வகுப்புப் படிக்கிற பேரன் ஜன்னல் வழியாகப் பார்த்து, "தாத்தா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறான். அவர் திரும்பிப் பார்த்து, "ஏல, மாட்டைப் பிடிச்சுக் கட்டு, சந்தைக்கு நேரமாச்சு" என்றாராம். பேரன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பில் கேட்டது அவனுக்கு நினைவு வந்தது. பேச்சு தடம் மாறினால் அது வெறும் களைப்பு அல்ல.

அவன் செய்ததை அப்படியே எழுதுகிறோம், எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும். ஏணியிலிருந்து பிடித்து இறக்கி நிழலில் கிடத்தினான். மூன்று சைபருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து, அட்டையால் விசிறினான். ஃப்ரீஸரில் இருந்த பட்டாணிப் பாக்கெட்டுகளைத் துண்டில் சுற்றி அக்குளிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் வைத்தான். அரைமயக்கத்தில் இருந்தவருடைய வாயில் தண்ணீர் ஊற்றவில்லை. பனடோல் கொடுக்கவில்லை. இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை இதில் பயன்படாது. ஆம்புலன்ஸ் வரும்வரை நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தவில்லை.

இதற்கு முந்தின கட்டம் ஒன்று உண்டு. தலைசுற்றல், குமட்டல், காலில் சதைப்பிடிப்பு, நிறைய வியர்வை, ஆனால் பேச்சு தெளிவு. அப்போதே நிழலுக்கு அழைத்து வந்து, உட்காரவைத்து, ஈரத்துண்டு போட்டு, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். அரைமணி நேரத்தில் தேறாவிட்டால், அல்லது "இன்றைக்கு என்ன கிழமை" என்ற கேள்விக்குத் தடுமாறினால், காத்திருக்கவேண்டாம்.

ஐயா பிழைத்தார். அதன்பின் நடந்ததுதான் எங்களுக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதற்குக் காரணம். பிள்ளைகள் பயந்துபோய்ப் பந்தலைப் பிரித்தார்கள். பாத்திகளை மூடிப் புல் பதிக்க ஆள் பேசினார்கள். பின்கதவுச் சாவி மருமகள் கைக்குப் போனது. அன்பினால் செய்ததுதான். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தார். சாப்பாடு குறைந்தது. ஆராதனைக்கு வர முழங்கால் வலிக்கிறது என்றார். இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆனது. மகள் எங்களிடம் வந்து, டிமென்ஷியாவாக இருக்குமோ என்று கேட்டார்கள். ஜீபி பரிசோதனை செய்துவிட்டு அப்படி எதுவும் இல்லை என்றார். நாங்கள் சொன்னது, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரத்தை மாற்றுங்கள் என்று.

இப்போது அந்த வீட்டு ஒழுங்கு இது. டிசம்பர் கடைசியில் சிட்னியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், சூரியன் மறைய எட்டு மணி தாண்டும். காலை விடிந்ததிலிருந்து எட்டரை வரை தோட்டம். பத்துக்குமேல் ஐந்து வரை பின்கதவுக்கு வெளியே யாரும் போவதில்லை, பேரனும் இல்லை. 38 டிகிரிக்கு மேல் அறிவித்த நாளில் சாயங்காலமும் கிடையாது. குழாயில் ஒரு டைமரும் பாத்தியில் சொட்டுநீர்க் குழாயும் போட்டாயிற்று. ஏணி ஏறுவதும் மூட்டை தூக்குவதும் பேரன். முருங்கை நிழலில் ஒரு நாற்காலி, பக்கத்தில் கோடு போட்ட தண்ணீர் பாட்டில். அகல விளிம்புத் தொப்பி வேண்டாம், துண்டே போதும் என்று ஐயா இன்னமும் வழக்காடுகிறார். அந்த வழக்கு முடியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது அவர், குனிந்து செய்வது பேரன். கிள்ளு, ஒடி, பறி, அறு என்ற நான்கும் வெவ்வேறு வேலை என்று அந்தப் பையனுக்கு இப்போது தெரியும். ஞாயிறு தமிழ் வகுப்பில் ஆறு வருஷம் உட்கார்ந்தும் வராத சொற்கள். இந்த வருஷம் மார்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுப் புடலங்காய் ஒன்று வந்தது. ஏலத்தில் 85 டாலருக்குப் போனது. எடுத்தவருக்குப் புடலங்காய் பிடிக்காது என்பது சபைக்கே தெரியும்.

மண்பைக்கு ஒரு எச்சரிக்கை

பாட்டிங் மிக்ஸ் பையின்மேல் முகமூடி போட்ட படம் அச்சிட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த மண்ணிலும் கம்போஸ்டிலும் லெஜியோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். தூசியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரும். வயதானவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோயும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பையை வெட்டும்போது முகத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியபின் கிளறுங்கள். முகமூடியும் கையுறையும் போட்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொரோனா காலத்து முகமூடிப் பெட்டிகள் இன்னும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. மண் கிளறி சில நாளில் காய்ச்சலும் இருமலும் வந்தால் டாக்டரிடம் தோட்ட வேலை செய்ததையும் சொல்லுங்கள். கையுறை இன்னொன்றுக்கும் உதவும். காலித் தொட்டிகளுக்கு அடியில் ரெட்பேக் சிலந்தி குடியிருக்கும்.

வாலிபருக்கு

ரூத்தின் புத்தகத்தில், கதிர் பொறுக்க வந்த பெண்ணுக்குத் தாகம் எடுத்தால் வாலிபர் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கலாம் என்று போவாஸ் சொல்கிறார். வெயிலேறுமுன் யாரோ சில வாலிபர் கிணற்றுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எழுதப்படவில்லை.

பள்ளி விடுமுறை டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை. அந்த ஆறு வாரத்தில்தான் வெயிலும் உச்சத்தில் இருக்கும், பாதிச் சபை சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நாகர்கோவிலுக்கும் விமானம் ஏறியிருக்கும். பந்தலை விட்டுப் போகிறவர்கள் உண்டு, வீட்டில் தனியாகத் தாயையோ தகப்பனையோ விட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆகவே வாலிபர் சங்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு காலை, ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், ஆறரை முதல் எட்டு மணி வரை. கார் ஓட்டத் தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேர்த்திருக்கிறோம்.

பெரியவர்கள் இருக்கிற வீட்டில் தண்ணீர் விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். காப்பி கொடுப்பார்கள், உட்கார்ந்து குடியுங்கள். இரவு தூங்கினார்களா, ஏசி ஓடுகிறதா என்று பாருங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசியை நிறுத்தி வைப்பவர்கள் நிறைய. இரவிலும் வீடு குளிராமல் மூன்று நாள் தொடர்ந்தால்தான் உடம்பு முறியும். ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று சைபர் என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பக்கத்தில் வீட்டு முகவரியையும் இங்கிலீஷில் எழுதுங்கள். பதற்றத்தில் தெருப்பெயர் நினைவுக்கு வராது. ஜீபிக்குப் போன் செய்யும்போது தமிழ் பெயர்ப்பாளர் வேண்டுமானால் டிஐஎஸ் நேஷனல், 131 450. அதையும் எழுதிவிடுங்கள்.

பெயர் கொடுக்கிறவர்கள் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஹாலில் காப்பி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற தாளில் எழுதலாம். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் ஊருக்குப் போகுமுன், எந்தச் செடி எங்கே, எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போகவேண்டும். காய்த்ததை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். போன வருஷம் ஒரு கூடை வெண்டைக்காயால் வந்த மனஸ்தாபம் ஈஸ்டர் வரைக்கும் நீடித்தது.

தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவரவர் கொண்டுவரவேண்டும்.